அந்தப் பக்கத்துக் கை

உக்காருங்க சார், தாராளமா உக்காருங்க. அது என் வீட்டுக்காரிக்கு எடுத்த சீட்டு. அவ வரலை. கண்டக்டர் வந்தா நான் சொல்லிக்கிறேன். பையை மேல வச்சிடுங்க. மன்னார்குடி வரைக்குமா? நல்லதாப் போச்சு. நானும் அங்கதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சிங்காரவேலு அச்சகம்னு ஒரு போர்டு இருக்கும், பாத்திருப்பீங்க. சிங்காரவேலு நான்தான்.

அவ ஏன் வரலைன்னு கேக்குறீங்க. கேக்கலையா? சரி, கேட்ட மாதிரி இருந்துச்சு.

மெட்ராஸ்ல ஒரு பொண்ணு அவளைப் பிடிச்சு வச்சிருக்கு சார். மருமகள்னு ஊர் சொல்லும். நான் சொன்னதில்லை. என் பொண்டாட்டி பேரு மங்கையர்க்கரசி. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அப்பன் வீட்டுக்குக்கூட ரெண்டு நாளைக்கு மேல போனவ இல்ல. அவ இப்ப பல்லாவரத்துல ஒரு மாடி வீட்டுல உக்காந்துக்கிட்டு, நீங்க போங்க, நான் வரலைங்கிறா. இதுக்கு நான் காலையில கெளம்பி பஸ் ஏறி வந்தேன் பாருங்க.

எனக்கு ஒரே பையன். ஞானவேல். இருந்தான். போயிட்டான். இன்னும் முப்பது நாள் ஆகலை.

இல்ல சார், பரவால்ல. நீங்க என்ன செய்வீங்க. தெரியாமதானே உக்காந்தீங்க.

அவன் மெட்ராஸ்ல ஒரு கம்பெனியில டிசைன் வேலை பாத்தான். புஸ்தகத்துக்கு அட்டை போடுறது, விளம்பரம் போடுறது, அந்த மாதிரி. கையில தொழில் இருந்துச்சு. இருக்காதா பின்ன, என் பிரஸ்லயே வளந்தவன். கூட வேலை பாத்த பொண்ணைக் கட்டிக்கிட்டான். கன்னியாகுமரிப் பக்கம். வேதக்காரங்க, அதான் கிறிஸ்தவங்க. அதுலயும் வேற ஆளுங்க. நான் ஜாதி பாக்குறவன் இல்ல சார், அதை முதல்லயே சொல்லிடுறேன். என் மெஷின்ல கோயில் நோட்டீஸ் அடிச்சிருக்கேன், சர்ச் நோட்டீஸ் அடிச்சிருக்கேன், பள்ளிவாசல் நோட்டீஸ் அடிச்சிருக்கேன். யார் வீட்டுப் பத்திரிகையா இருந்தாலும் ஒரே மைதான். ஆனா வீட்டுக்குள்ள வர்றதுங்கிறது வேற இல்லையா? நீங்களே சொல்லுங்க.

ரிஜிஸ்டர் பண்ணிட்டு ரெண்டு பேரும் நேரா ஊருக்கு வந்தாங்க. வாசல்ல நின்னாங்க. நான் கதவைத் திறக்கலை. அவ்வளவுதான். அடிச்சேனா? ஒரு வார்த்தை திட்டுனேனா? தெருவுல யாரையாவது கூட்டி வச்சு அசிங்கப்படுத்துனேனா? கதவைத் திறக்கலை, அவ்வளவுதான். அரசி உள்ள நின்னுக்கிட்டு என்னையே பாத்தா. அவங்க கொஞ்ச நேரம் நின்னாங்க. அப்புறம் செருப்பு சத்தம் கேட்டுச்சு. போயிட்டாங்க.

அதுக்கப்புறம் நான் அவன்கிட்ட பேசினதில்லை. மூணு வருஷத்துக்கு மேல. அரசி மொட்டை மாடியில துணி காயப்போடப் போவா. துணி இல்லாத நாள்லயும் போவா. போன்ல பேசுறான்னு தெரியாதா எனக்கு? தெரியாத மாதிரி இருந்தேன். அதுக்கெல்லாம் தடை போடுற ஆளு இல்ல நான்.

இந்த சமயத்துல பிரஸ்ல கம்ப்யூட்டர் பாத்துக்கிட்டிருந்த பொண்ணு கல்யாணமாகி திருச்சிக்குப் போயிடுச்சு. எனக்கு ஒரு விரலாலதான் அடிக்க வரும். ஒரு கல்யாணப் பத்திரிகை அடிக்க ரெண்டு நாள் ஆச்சு. அடிச்சதுலயும் மாப்பிள்ளை பேரை மாமனார் இடத்துல போட்டுட்டேன். சண்டைக்கு வந்துட்டாங்க. சிரிக்காதீங்க சார், அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துச்சு.

பக்கத்துல செல்போன் கடை வச்சிருக்கான் துரைமாணிக்கம். ஞானவேல்கூட ஒண்ணாப்புல இருந்து படிச்சவன். அவன் ஒருநாள் வந்து, "அப்பா, கம்ப்யூட்டர் மெதுவா ஓடுதாமே, கொஞ்சம் பாக்கட்டுமா?"ன்னான். நான் யார்கிட்டயும் மெதுவா ஓடுதுன்னு சொல்லலை. சரி பாருன்னேன். என்னமோ போட்டான், தட்டினான், போயிட்டான்.

மறுநாள் நான் அந்தத் தப்பாப் போட்ட பத்திரிகையைத் திருத்துறதுக்குத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். கை மவுஸ் மேல இல்ல. டம்ளரைப் பிடிச்சுக்கிட்டு டீ குடிக்கிறேன். ஸ்கிரீன்ல அந்த அம்பு இருக்குல்ல, அது தானா நகந்துச்சு சார். டீயைக் கீழ வச்சுட்டேன். ஏதோ கெட்டுப்போச்சுன்னு ஒயரைப் பிடுங்கப் போனேன். அப்ப அந்த அம்பு ஒரு ஓரமாப் போய் ரெண்டு சுத்து சுத்துச்சு. சுத்திட்டு நேரா வந்து எழுத்தைப் பிடிச்சுச்சு.

சின்ன வயசுல அவன் சிலேட்டுல எழுதுறதுக்கு முன்னாடி பலப்பத்தைக் காத்துல ரெண்டு சுத்து சுத்துவான். வாத்தியார்கிட்ட அடிகூட வாங்கியிருக்கான். அந்தச் சுத்துதான். என் பிள்ளை கையை எனக்குத் தெரியாதா?

ஒயரைப் பிடுங்கலை. பிடுங்கியிருக்கலாம். பிடுங்கலை. பத்திரிகை பாதியில நிக்குது, பார்ட்டி சாயங்காலம் வரேன்னிருக்கான், அதனாலதான்.

துரைகிட்ட கேட்டேன், என்னடா இதுன்னு. அவன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டுச் சொன்னான். "அவன்கிட்ட இருக்கிறது ஆப்பிள் படம் போட்ட லேப்டாப்புப்பா. நம்மது பழைய விண்டோஸ். நம்ம பத்திரிகை போடுற பேஜ்மேக்கர் அதுல ஓடாது. நம்ம தமிழ் எழுத்தை அதுல திறந்தா கட்டம் கட்டமாத்தான் தெரியும். இங்க இருந்து அனுப்பி அங்க செஞ்சு வாங்குறதுக்கு வழியே இல்லை. அதான் நம்ம மிஷினை இங்கயே வச்சு, அவன் அங்க உக்காந்துக்கிட்டு ஓட்டுறான்."

புரியுதா சார்? ரெண்டும் வேற வேற ஜாதி மிஷினு. இதுல உள்ளது அதுக்கு ஆகாது, அதுல உள்ளது இதுக்கு ஆகாது. ஆனா நடுவுல ஒரு ஏற்பாட்டைப் பண்ணிட்டா, அங்க உக்காந்து இதை நடத்திடலாம். எனக்கு ஒரே ஆச்சரியம். மனுஷன் எவ்வளவு முன்னேறிட்டான் பாருங்க.

ஏன் சார் சிரிக்கிறீங்க? ஒண்ணுமில்லையா? சரி.

தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வருவான். அவன் வேலைக்கு நடுவுல அவனுக்கு அப்பத்தான் ஒழியும்போல. நான் பார்ட்டி எழுதிக் குடுத்த மேட்டரை ஸ்கேன் பண்ணி வச்சிடுவேன். ரெண்டு சுத்து. அப்புறம் கடகடன்னு போகும் கை. நான் பின்னாடி நின்னு கையைக் கட்டிக்கிட்டுப் பாப்பேன். ஒரு வார்த்தை கிடையாது. அவனும் எதுவும் எழுத மாட்டான், நானும் எழுத மாட்டேன். முதலாளி மாதிரி நிப்பேன், அவ்வளவுதான்.

ஒரு தடவை சண்டைகூட வந்துச்சு. காதுகுத்துப் பத்திரிகை. நான் தலைப்புக்குச் சிவப்பு குடுத்திருந்தேன். அவன் அதை அரக்கு நிறமா மாத்தினான். நான் மவுஸைப் பிடிச்சுச் சிவப்பாக்குனேன். அவன் அரக்காக்குனான். நான் சிவப்பு. அவன் அரக்கு. அம்பை நான் ஒரு பக்கம் இழுக்கிறேன், அவன் ஒரு பக்கம் இழுக்கிறான், அது நடுவுல கெடந்து துடிக்குது. அச்சு மெஷின் ஓட்டுற மெஷின்காரர் வந்து நின்னு, "என்ன அண்ணே, கம்ப்யூட்டருக்கு வலிப்பா?"ங்கிறார். கடைசியில அவன் விட்டுட்டான். சிவப்புதான் அடிச்சோம். பார்ட்டி வந்து பாத்துட்டு, கொஞ்சம் கண்ணைக் குத்துதேன்னான். நான் ஒத்துக்கலைன்னு வைங்க.

அன்னைக்கு ராத்திரிச் சோறு நல்லா இறங்குச்சு. அரசிகூட கேட்டா, என்ன இன்னைக்கு முகம் இப்படி இருக்குன்னு. ஒண்ணுமில்லைன்னேன்.

இந்த விக்கிரவாண்டி டோல்கேட்ல எப்பவும் இப்படித்தான் சார். நிக்க வேண்டியதுதான்.

போன மாசம் ஒருநாள் அம்பு வரலை. மறுநாளும் வரலை. ஐப்பசி மாசம், ஏகப்பட்ட முகூர்த்தம், வேலை குவிஞ்சு கெடக்கு. எனக்குக் கோவம். வேணும்னே செய்யுறான், நம்மளைக் கெஞ்ச வைக்கிறான்னு நெனச்சேன். அரசி சொன்னா, காய்ச்சலாம்னு. காய்ச்சல் யாருக்குத்தான் வரலைன்னேன். அப்புறம் ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்கன்னா. டெங்குன்னா. துரையைக் கூட்டிக்கிட்டு அவ கெளம்புனா. கெளம்பும்போது வாசல்ல நின்னு, "நீங்களும் வாங்க. ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்"னா. "காய்ச்சலுக்கெல்லாம் யாராவது பஸ் ஏறுவாங்களா? நாலு நாள்ல எழுந்து உக்காருவான்"னேன்.

எல்லாரும்தானே அப்படி நெனப்போம். நீங்களா இருந்தா என்ன நெனச்சிருப்பீங்க?

துரைதான் போன் பண்ணான். காலையில. "அப்பா"ன்னான். அதுக்கு மேல அவனால பேச முடியலை. எனக்கும் கேக்க வேண்டியிருக்கலை.

சொந்தக்காரங்க வந்து கார் ஏற்பாடு பண்றேன்னாங்க. நான் சட்டையைப் போட்டுக்கிட்டு நேரா பிரஸ்ஸுக்குப் போனேன். பைத்தியமான்னு பாத்தாங்க. பின்ன? ஊர்ல யார் செத்தாலும் நான்தான் போஸ்டர் அடிக்கிறேன். என் பிள்ளைக்கு அடுத்தவன் பிரஸ்ல போய் நிக்கவா? ஷட்டரைத் தூக்கி, கம்ப்யூட்டரைப் போட்டு, கண்ணீர் அஞ்சலிக்குன்னு முன்னாடி போட்டு வச்ச பக்கம் ஒண்ணு இருக்கும், அதைத் திறந்தேன். யாரோ ஒரு பெரியவர் படம் இருந்துச்சு. அதை எடுத்துட்டு இவன் படத்தைப் போடணும். கை வரலை. எந்த பட்டனை அழுத்துறதுன்னே மறந்துபோச்சு. மவுஸை விட்டுட்டு மடியில கையை வச்சுக்கிட்டு உக்காந்துட்டேன்.

அம்பு நகந்துச்சு சார்.

அந்த ஒரு நிமிஷம் இருக்கே. துரை பொய் சொல்லிட்டான்னு நெனச்சேன். என்னை வரவைக்கிறதுக்காக எல்லாருமாச் சேர்ந்து நாடகம் போட்டுட்டாங்கன்னு நெனச்சேன். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "வாடா"ன்னு சத்தமாவே சொன்னேன். ஷட்டர்கிட்ட நின்ன மெஷின்காரர் திரும்பிப் பாத்தார்.

ஆனா அது சுத்தலை. ஓரமாப் போய் ரெண்டு சுத்து சுத்தலை. நேரா வந்துச்சு. வந்து தயங்கித் தயங்கி நின்னுச்சு. ஒரு இடத்துக்குப் போகும், திரும்பி வரும், மறுபடி போகும். பழகாத கை. அவன் பக்கத்துல உக்காந்து பாத்துப் பாத்துக் கத்துக்கிட்ட கை. அந்தப் பொண்ணு. அவன் இன்னும் ஆஸ்பத்திரியில இருந்து வீடு வந்து சேரலை. அதுக்குள்ள இது அவன் லேப்டாப்பைத் திறந்து உக்காந்திருக்கு. என்னால முடியாதுன்னு அதுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை.

பெரியவர் படத்தை எடுத்துச்சு. அவன் படத்தை வச்சுது. நல்ல படம். நான் பாக்காத சட்டை. பேரை அடிச்சுது. சி. ஞானவேல். கீழ, ஆறாத் துயரத்தில் வாடும்னு போட்டு, தந்தை சிங்காரவேலுன்னு போட்டுச்சு. தாய் மங்கையர்க்கரசின்னு போட்டுச்சு. அடுத்த வரியில மனைவின்னு போட்டுச்சு.

அங்க நின்னுடுச்சு.

அந்தச் சின்னக் கோடு மட்டும் மினுக் மினுக்குன்னு அடிச்சுக்கிட்டிருந்துச்சு. அது பேரைப் போடும்னு நான் பாத்துக்கிட்டிருக்கேன். அது போடலை. எதுக்கோ காத்துக்கிட்டிருக்கிற மாதிரி இருந்துச்சு. எவ்வளவு நேரம்னு சொல்லத் தெரியலை. மெஷின்காரர் வந்து, "அண்ணே, அச்சுக்குப் பிளேட் போடணும்"னார். மடியில இருந்த கையை நான் எடுக்கலை. அப்புறம் அந்த மனைவிங்கிற வார்த்தையும் ஒவ்வொரு எழுத்தா அழிஞ்சுது. பின்னாடியிருந்து. கடைசியில ம மட்டும் நின்னுச்சு. அதுவும் போச்சு.

அப்படியே அடிச்சோம். ஊர் பூரா ஒட்டினாங்க.

இதுல என் தப்பு என்ன சார்? நான் வாயைத் திறந்தேனா? மவுஸ் மேல கையை வச்சேனா? அதுவே போட்டிருக்கலாம்ல? யார் தடுத்தா? அந்தக் காலையில என் புத்தி என்கிட்டயா இருந்துச்சு?

போஸ்டர் போட்டுட்டுத்தான் காருல ஏறுனேன். முகம் பாத்தேன். நெத்தியைத் தொட்டேன். எல்லாம் முடிஞ்சு ஊருக்குக் கெளம்பும்போது அரசி ஏறலை. அந்தப் பொண்ணு தனியா இருக்கு, கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்னா. சரி, பிள்ளையைப் பறிகொடுத்தவ, போகட்டும்னு விட்டேன். ஒரு வாரம் ஆச்சு, ரெண்டு வாரம் ஆச்சு. போன் பண்ணா, வரேன் வரேன்னா. வரலை. அதான் இன்னைக்கு ரெண்டு டிக்கெட்டாத் திரும்புறதுக்குப் போட்டுட்டு நானே வந்தேன்.

கதவைத் தட்டுனேன். அந்தப் பொண்ணுதான் திறந்துச்சு. "வாங்க மாமா"ன்னுச்சு. ஒரு நொடிகூட யோசிக்கலை. சின்ன வீடு. ரெண்டு அறை. அரசி கீழ உக்காந்து கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்தா. என்னைப் பாத்துட்டு மறுபடி கீரையைப் பாத்தா.

கெளம்புன்னேன்.

"எங்க?"ன்னா.

"எங்கயா? வீட்டுக்கு."

"அந்த ஊர்ல எல்லாச் சுவத்துலயும் ஒரு போஸ்டர் இருக்காம். துரை போன்ல படம் அனுப்பினான். அதுல என் பிள்ளைக்குப் பொண்டாட்டியே இல்லை. நான் என் மருமக கூட இருக்கேன். நீங்க போங்க."

இத்தனை வருஷத்துல என்கிட்ட அவ இப்படிப் பேசினதில்லை சார். கத்தலை. சாதாரணமாத்தான் சொன்னா, உப்பு தீந்துபோச்சுங்கிற மாதிரி. நான் அந்தப் பக்கம் திரும்புனேன். ஜன்னலோரமா ஒரு மேஜை. அது மேல அந்த லேப்டாப்பு. திறந்திருந்துச்சு. அதுக்குள்ள என் ஸ்கிரீன் தெரிஞ்சுது சார். என் பிரஸ் கம்ப்யூட்டரு, நான் அணைக்காம விட்டுட்டு வந்தது. நான் போட்டு வச்சிருக்கிற முருகன் படம், ஓரத்துல என் பைலெல்லாம். மன்னார்குடியில என் மேஜையில இருக்கிறது அங்க ஒரு சின்ன கட்டத்துக்குள்ள இருந்துச்சு. கிட்டப் போய்ப் பாத்தேன்.

"அவர் இதை மூடவே மாட்டார் மாமா. ஆபீஸ் வேலை பாக்கும்போதும் ஓரத்துல இது இருக்கும்"னுச்சு அந்தப் பொண்ணு.

"வேலை முடிஞ்சதும் போயிடுவானே"ன்னேன்.

"கையை எடுத்துடுவார். பாத்துக்கிட்டேதான் இருப்பார்."

என்ன பாப்பான்னேன்.

அது அரசியைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு. அப்புறம் மெல்லமா, "நீங்க வெத்துப் பக்கத்தைத் திறந்து அடிப்பீங்களே மாமா, அதைத்தான். சாப்டியாடான்னு ஒரு நாள். உங்கம்மா நீ இளைச்சுட்டேங்கிறாள்னு ஒரு நாள். மெட்ராஸ்ல வெள்ளமாமே, வெளிய போகாதேன்னு ஒரு நாள். அடிச்சுட்டு எல்லாத்தையும் அழிச்சுடுவீங்க. நீங்க ஒரு ஒரு எழுத்தாத் தேடி அடிக்கிற வரைக்கும் பக்கத்துல யாரையும் பேச விடமாட்டார்"னுச்சு.

கீபோர்டு சரியா இருக்கான்னு பாத்தேன்னு சொன்னேன் சார். வேற என்ன சொல்றது. அரசி கீரையை விட்டுட்டு நிமிந்து என்னையே பாக்குறா.

"பாத்தவன் பதில் போட வேண்டியதுதானே? ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்ல?"ன்னேன்.

"நானும் கேப்பேன் மாமா. பதில் போட்டா அப்பாவுக்கு நான் பாக்குறேன்னு தெரிஞ்சுடும், அப்புறம் அடிக்கவே மாட்டார்னு சொல்லுவார்."

உக்காந்துட்டேன். அவன் நாற்காலியாத்தான் இருக்கும். தண்ணி கொண்டு வந்து குடுத்துச்சு. குடிச்சேன். சட்டையெல்லாம் தண்ணி.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு நெஞ்சுல நிக்குது. அந்தக் கடைசி வாரம், அம்பு வராத வாரம், வேலை குவிஞ்சு கெடந்த கோவத்துல நான் ஒண்ணு அடிச்சேன் சார். வராட்டிப் போடா, எனக்கு எவனும் வேணாம்னு அடிச்சேன். அன்னைக்கு அழிக்கலை. அப்படியே விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். ரெண்டு மூணு நாள் அது ஸ்கிரீன்லயே கெடந்துச்சு.

கேட்டுட்டேன். "அந்த வாரம் அவன் இதைப் பாத்தானா?"ன்னேன்.

"இல்லை மாமா. ஆஸ்பத்திரிக்கு லேப்டாப்பை எடுத்துட்டே போகலை. அவர் எதையும் பாக்கலை"ன்னுச்சு. சொல்லிட்டு எழுந்து போய் ஜன்னலைச் சாத்துச்சு. காத்தே இல்லை. வெயில்கூட இல்லை. அரசி மடியில இருந்த கீரையை எடுத்துக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அப்புறம் ரொம்ப நேரம் உள்ள தண்ணி திறந்துவிட்ட சத்தம் கேட்டுச்சு.

நான் ஏதாவது சந்தேகப்படுவேன்னு நெனக்காதீங்க. அந்தப் பொண்ணு பொய் சொல்ற பொண்ணு இல்ல சார். அதுக்கு என்ன அவசியம்? என்கிட்ட அதுக்கு என்ன ஆகணும்? பாக்கலைன்னா பாக்கலைதான். யெமிமா பொய் சொல்லாது.